தென்னங்குழி உப்பு

ஜெனிட்டாவைக் கோம்பையில் அக்கா வீட்டில் விட்டுவிட்டு இருதயம் திரும்பி வந்தபோது எஸ்தர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். தெருமுக்கில் அவன் தலை தெரிந்ததுமே அவள் கை முந்தானைக்குப் போனது. பிள்ளையை வாங்கிப் பால் கொடுக்கப் போன கை. அவன் வெறுங்கையோடு வருகிறான் என்று தெரிந்த பிறகும் அது கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது.

“அழுதாளா?”

“அழுகல. உத்தமபாளையம் தாண்டையில தூங்கிருச்சு. அக்கா வாங்கையில முழிச்சுக்கிட்டு, அக்கா மூக்குத்தியப் பிடிச்சு இழுத்துக்கிட்டு இருந்துச்சு. நான் அப்பிடியே வந்துட்டேன்.”

“அழுதிருந்தாத் தேவல” என்றாள் எஸ்தர். உள்ளே போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மார்க்கையன்கோட்டையில் அவர்களுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். நான் திராட்சைத் தோட்டங்களுக்கு மருந்தடிக்கப் போகிறவன். தோட்டத்திலிருந்து வந்து குளித்து, சோற்றுக்கு உட்கார்ந்தால் அந்தப் பக்கம் ஜெனிட்டா மிழற்றுவது கேட்கும். அன்றைக்குக் கேட்கவில்லை. என் வீட்டுக்காரி மொக்கம்மாள் சோற்றைப் போட்டுவிட்டு, தான் சாப்பிடாமல் எழுந்துபோனாள்.

பால் கட்டிக்கொண்டு எஸ்தருக்கு மாரெல்லாம் கல்லாகக் கிடந்தது. மொக்கம்மாள் சின்னமனூரிலிருந்து உதிரி மல்லிகை வாங்கி வரச் சொல்லி, நசுக்கி, பழைய சேலைத் துணியில் பரப்பி, அவள் மாரோடு வைத்து இறுக்கிக் கட்டினாள்.

“பூவக் கட்டுனா வத்திரும் ஆத்தா. எனக்கு ரெண்டாவது செத்துப் பெறந்தப்ப எங்க சின்னாத்தா இப்பிடித்தேன் கட்டுனா.”

“கலியாணத்தன்னைக்குக்கூட நான் இம்புட்டுப் பூ வைக்கலக்கா” என்றாள் எஸ்தர். மொக்கம்மாள் சிரித்துவிட்டாள். சிரித்தபடியே மூக்கைச் சிந்திக்கொண்டு வெளியே வந்தாள். வீடெல்லாம் மல்லிகை வாசம் அடித்தது. அந்த வாசம் எனக்கு அதற்குப் பிறகு பிடிக்காமல் போயிற்று.

எஸ்தரின் கழுத்துக் கட்டியை மதுரையில் அறுத்து எடுத்திருந்தார்கள். ஆனால் அது அதற்கு முன்பே இடுப்பெலும்புக்கு இறங்கியிருந்தது. அதைக் கரிக்க ஒரு மருந்து உண்டு, அதைத் திருவனந்தபுரத்தில் கொடுப்பார்கள் என்று அனுப்பினார்கள். அந்த மருந்தைச் சாப்பிட்டவர் உடம்பிலிருந்து எக்ஸ்ரே போல ஒரு கதிர் சில வாரம் வந்துகொண்டிருக்குமாம். பால் இருந்தால் மருந்து பாலில் ஏறிவிடும். அதனால் முதலில் பால் வற்ற வேண்டும், நன்றாக வற்றி வாரக்கணக்கில் ஆக வேண்டும், பிறகுதான் மருந்து. மருந்துக்குப் பிறகு பிள்ளையிடம் நெருங்கக் கூடாது. ஆக, நடக்கத் தெரியாத பிள்ளையைக் கொடுத்தால், நடக்கிற பிள்ளையைத்தான் வாங்க முடியும். எஸ்தர் இதைத் தெரிந்துதான் கொடுத்தாள். கலியாணமாகி வெகு வருசம் கழித்து, வேளாங்கண்ணிக்கு நடையாக நடந்து கிடைத்த பிள்ளை.

இருதயம் உப்பு யாவாரி. தூத்துக்குடி லாரி இறக்கிப்போடும் கல்லுப்பை மூடையாக வாங்கி, டி.வி.எஸ். வண்டியின் பின்னால் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவான். உப்பேறித் துருப்பிடித்து வண்டியின் மட்கார்டு வலைபோல ஆகிவிட்டது. மாதம் ஒருமுறை மேகமலை ஜீப்பில் மூடைகளை ஏற்றிப்போய் எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் அளந்துவிட்டு வருவான். அங்கே தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவள் எஸ்தர்.

அந்த லைனில் பாதிப் பெண்களுக்குக் கழுத்தின் முன்பக்கம் கொஞ்சம் தடித்திருக்கும். அதை யாரும் நோயாக எண்ணியதில்லை. பாசிமணி போட்டால் அந்தக் கழுத்தில்தான் எடுப்பாக நிற்கும் என்பார்கள். எஸ்தருக்கும் அப்படித்தான். மூடையை இறக்கிய அன்றைக்கே அவள் கேட்டாளாம், “உப்புக்காரரே, சாக்கு நனைஞ்சு கெடக்கே, தண்ணிக்கும் சேத்துக் காசு குடுக்கணுமா?” என்று. தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்டபோது கழுத்தில் சிவப்புப் பாசி ஏறி இறங்கியதை இருதயம் எங்களிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறான். ஒரு ஆண்பிள்ளை பெண்டாட்டியின் கழுத்தைப் பற்றி இப்படிப் பேசலாமா என்று மொக்கம்மாள் வைவாள்.

பிள்ளை பிறந்த பிறகு இடுப்பு வலி வந்தது. பிள்ளை பெற்ற இடுப்பு அப்படித்தான் இருக்கும் என்று நாங்கள் எல்லாரும் சொன்னோம். உளுந்தங்களி கிண்டிக் கொடுத்தோம். ஒருநாள் தண்ணீர்க் குடத்தோடு குழாயடியில் விழுந்தவளைத் தேனிக்குக் கொண்டுபோனபோதுதான், எலும்பில் இருப்பது எலும்பு நோயல்ல, கழுத்திலிருந்து வந்தது என்று தெரிந்தது.

திருவனந்தபுரத்துக்கு முதல் தடவை போனபோது துணைக்கு நானும் போயிருந்தேன். அங்கே இருந்த டாக்டரம்மா மலையாளத்துக்காரர். தமிழைக் கவனமாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைப்பார். எஸ்தரிடம் ஊர், பிறந்த இடம், அம்மாவுக்குக் கழுத்தில் வீக்கம் இருந்ததா, சின்ன வயதில் எக்ஸ்ரே எடுத்ததா, கப்பைக் கிழங்கு, அதாவது மரவள்ளி, நிறையச் சாப்பிடுவாளா என்றெல்லாம் கேட்டார்.

“உப்பு எது சாப்பிட்டது? பாக்கெட்டா, கல்லுப்பா?”

“கல்லுப்புத்தேன்” என்றாள் எஸ்தர். பிறகு, பக்கத்தில் நின்ற புருசனைக் கையால் காட்டி, கொஞ்சம் பெருமையாகவே, “இவுகதேன் மலைக்குக் கொண்டாருவாக” என்றாள்.

டாக்டரம்மா இருதயத்தைப் பார்த்தார். அவ்வளவுதான். ஆனால் அவன் பிடித்துக்கொண்டான்.

“என் உப்புனாலயாம்மா?”

“அப்படி இல்லை. உட்காருங்க.” அவர் பேனாவை மூடி வைத்தார். “இந்தக் கேன்சர் ஒண்ணு இல்லை, பல வகை. எங்க கடலோரத்து ஆளுகளுக்கு அதிகமும் ஒரு வகை வருது. அது கழுத்தோட நிக்கும், பக்கத்துல நெறி கட்டும். மண்ணுலயும் தண்ணியிலயும் அயோடின் குறைஞ்ச இடத்துல, மலைப் பக்கத்துல, இன்னொரு வகை கொஞ்சம் கூடுதலாப் பாக்குறோம். இவங்களுக்கு இருக்கிறது அது. ரத்தம் வழியா எலும்புக்குப் போகும். அயோடின் உப்பு வந்த நாடுகள்ல இந்த ரெண்டாவது வகை குறைஞ்சிருக்கு.”

“அப்பச் சரிதான்” என்றான் இருதயம்.

“சரியில்லை. கேளுங்க. ஆயிரம் பேரை நிறுத்தி வெச்சுப் பாத்தா ஒரு சாய்வு தெரியும். ஒருத்தரைக் காட்டி, இவங்களுக்கு இதனாலதான் வந்ததுன்னு யாராலயும் சொல்ல முடியாது. என்னால முடியாது. இவங்க கூடப் பிறந்தவங்க அதே உப்பைத்தானே சாப்பிட்டாங்க?”

அவர் சொன்னதில் முதல் பாதிதான் இருதயத்தின் காதில் விழுந்தது. மறுபாதியை நான் ஊருக்கு வந்து எத்தனையோ தடவை சொன்னேன். உப்புத் தண்ணீர் குடித்தவன் தாகம்போல, கேட்டும் அடங்கவில்லை அவனுக்கு.

அயோடின் கலக்காத உப்பை விற்கக் கூடாது என்று சட்டம் வருகிறது, கடை கடையாகப் பார்க்க வருவார்கள் என்று பேச்சு நடந்த வருசம் அது. அதற்குள்ளேயே இருதயம் யாவாரத்தை விட்டான். வீட்டில் மிச்சமிருந்த மூடைகளைச் சுமந்துபோய் வாய்க்காலில் கொட்டினான். தேங்காய் உரிக்கிற வேலைக்குப் போக ஆரம்பித்தான்.

ஊர் வாய் வேறு சும்மா இருக்குமா? திராட்சைப் பந்தலுக்கடியில் குனிந்தபடி மருந்தடித்துக்கொண்டிருந்தபோது இதுதான் பேச்சு.

“உப்புன்னா சொல்ற?” என்றான் சுருளியாண்டி. மருந்து டேங்கை முதுகில் போட்டுக்கொண்டு, துண்டால் மூக்கை மூடியிருந்தான். “இந்தக் கருமத்த நெதமும் மோந்துக்கிட்டு இருக்கோம். நமக்கு வரல. கஞ்சிக்கு உப்புப் போட்டவளுக்கு வந்துருச்சுங்கிற.”

“உனக்கு வராதுடா. உன்னையத் தின்னா அந்தப் பூச்சிக்கே வவுத்தால போகும்.”

“எங்க அய்த்த சொல்றா, கப்பக் கெழங்குனாலதேனாம். ஏலத்தோட்டத்துக்குப் போற பொம்பளைக பூராம் அங்கன அதத்தேன திங்குதுக.”

“எஸ்டேட்டுத் தண்ணினு சொல்றாக.”

“கேரளாவுல கடக்கர மண்ணுலயே கதிரு இருக்காமப்பா. எங்க மச்சினன் கொல்லத்துல வேல பாத்தான். அவன் சொன்னான்.”

“அப்ப அந்த ஆசுபத்திரிய எதுக்குடா கொண்டுபோயி அங்கன கட்டுனாக? நோயாளி தேடி அலைய வேணாம்னா?” என்றான் சுருளியாண்டி. எல்லாரும் சிரித்தோம். சிரித்தால் மருந்து தொண்டைக்குள் இறங்கும். இருமிக்கொண்டே சிரித்தோம். யாருக்கும் தெரியாது. தெரியாது என்று நிறுத்திக்கொள்ளத்தான் யாராலும் முடியவில்லை.

மருந்துக்கு முன்னால் இருக்க வேண்டிய பத்தியத்தை நர்சம்மா சொல்லி அனுப்பியிருந்தார். பால், முட்டை, மீன், கருவாடு, கடைப் பலகாரம் எதுவும் கூடாது. பாக்கெட் உப்புக் கூடவே கூடாது. அயோடின் இல்லாத உப்பில்தான் சமைக்க வேண்டும். கழுத்துக் கட்டியை எடுத்தவர்கள் தினமும் போட வேண்டிய மாத்திரையையும் நிறுத்தச் சொல்லியிருந்தார்கள். அது நின்றதும் எஸ்தர் ஊதிப்போனாள். முகம் வீங்கி, குரல் ஆண்குரலாகி, சித்திரை வெயிலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கிடந்தாள். ஒரு சொல் பேசிவிட்டு அடுத்த சொல்லுக்கு வெகுநேரம் எடுத்துக்கொள்வாள். சமையல் இருதயம்தான். மொக்கம்மாளைக்கூட அடுப்படிக்கு விடமாட்டான்.

“பாப்பா நிக்குதாம். சுவரப் பிடிச்சு நிக்குதாம். அக்கா போன்ல சொல்லுச்சு” என்று கஞ்சியை ஊட்டிக்கொண்டே சொல்வான்.

“எந்தக் கையால பிடிச்சு?”

“அதக் கேக்கலயே.”

“கேளுங்க. அவளுக்கு எடது கைதேன் முன்னுக்கு வரும்.”

அந்த நாள் முழுக்க அவளுக்கு அதுதான் சாப்பாடு.

பால் சுத்தமாக வற்றியிருக்கிறதா என்று டாக்டரம்மா பார்த்துச் சொல்லுகிறவரைக்கும் பிள்ளையைப் போய்ப் பார்க்கக் கூடாது என்று மொக்கம்மாள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். பார்த்தால் மறுபடி ஊறிவிடும், பட்டபாடெல்லாம் வீண். எஸ்தர் அதற்கும் தலையாட்டினாள்.

தேதி வந்து திருவனந்தபுரம் போனார்கள். நானும் போனேன். சோதித்துப் பார்த்துவிட்டு டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எஸ்தருக்கு எதிரே உட்கார்ந்தார்.

“பால் நல்லா வத்தியிருக்கு. ஆனா பத்தியம் இருக்கலையா?”

“இருந்தேன்” என்றாள் எஸ்தர் அந்தத் தடித்த குரலில்.

“உடம்புல அயோடின் நிரம்பிக் கிடக்கு. இந்த மருந்தே அயோடின்தான் அம்மா. பசியில கிடக்கிற கட்டிதான் அதை இழுத்துக் குடிக்கும். குடிச்சாத்தான் சாகும். நீங்க அதுக்கு வயிறு நிறையப் போட்டுக் கூட்டிட்டு வந்திருக்கீங்க. இப்பக் கொடுத்தா மருந்து வீண். மறுபடி பத்தியம் இருந்து, அடுத்த மாசம் ரூம் காலியானதும் வாங்க.”

எஸ்தர் என்னைப் பார்த்தாள். நான் இருதயத்தைப் பார்த்தேன். அவன் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

குமுளியிலிருந்து இறங்குகிற பஸ்ஸில் எஸ்தர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பின் சீட்டில் நான். வளைவுகளில் பஸ் சாய்கிறபோதெல்லாம் இடுப்பைக் கையால் பிடித்துக்கொண்டாள். கம்பத்துக்குள் வந்து பஸ் நின்றபோதுதான் கேட்டாள்.

“பாக்கெட்டு உப்பா போட்டீக?”

“ம்.”

“எதுக்கு?”

“அது இல்லாமத்தான ஒனக்கு வந்துச்சு. இம்புட்டு வருசம் அது இல்லாத உப்ப நாந்தேன் ஒனக்கு அளந்து போட்டேன். திரும்பவும் அதையே போடுன்னா, என் கை எப்பிடிப் போகும்? நர்சம்மா மாத்திச் சொல்லிட்டாகளோன்னு நெனச்சேன். கொஞ்சம் கொஞ்சமாப் போட்டா ஒடம்பு தேறும்னு நெனச்சேன் எஸ்தரு.”

உத்தமபாளையத்தில், கோம்பைக்கு ரோடு பிரிகிற இடத்தில், பஸ் ஒரு மாட்டுவண்டிக்காக நின்றது. அங்கிருந்து கோம்பை பக்கந்தான். அந்த ரோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், எழுந்திருப்பதுபோல முன் சீட்டுக் கம்பியைப் பிடித்தாள்.

“எறங்குவமா? நான் தூரத்துலயே நிக்கிறேன். பால்தேன் வத்திருச்சுங்குறாகளே. ஒரு தடவ பாத்துட்டு வந்துருவோம்.”

இருதயம் சடாரென்று எழுந்து பையை எடுத்தான். “வா புள்ள. எறங்கு.”

எஸ்தர் கம்பியை விடவில்லை. “வேணாம்” என்றாள். “ஒரு மாசத்துல மறுபடி பிரிக்கணும். பாத்தா அது ஏங்கிப்போகும். நான் ஏங்குனா ஏங்கிட்டுப் போறேன்.” பஸ் கிளம்பியது. “இந்நேரம் நடக்க ஆரம்பிச்சிருப்பா. மொத எட்டு எங்கிட்டு வெச்சாளோ.”

சின்னமனூர் வரும்வரை இருதயம் உட்காரவே இல்லை. நின்றுகொண்டே வந்தான்.

மறுநாள் காலையில் அயோடின் இல்லாத உப்புக்கு அலைந்தான். மாவட்டமெல்லாம் அளந்து விற்றவனுக்கு ஒரு கைப்பிடி உப்புக் கிடைக்கவில்லை. கடைகளில் பாக்கெட்டாகத் தொங்கியது. பழைய கல்லுப்பு இருந்தவர்களும் சோதிக்க வருகிறவர்களுக்குத் தெரிந்துவிடும் என்று பயந்து இல்லை என்றார்கள். கடைசியில் அவன் தேங்காய் உரிக்கிற தோப்பின் முதலாளி வைகுண்டராஜிடம் போனான். தென்னங்கன்று வைக்கிற குழியில் உப்புப் போடுவது இங்கே வழக்கம். தோப்பு மோட்டார் அறையில் ரெண்டு மூடை உப்பு மண்ணும் எலிப்புழுக்கையுமாகக் கிடந்தது.

“ஏம்ப்பா, இது மரத்துக்குப் போடுறது. இதப் போயி மனுசனுக்கா?” என்றார் வைகுண்டராஜ்.

“மொதலாளி, மூடையப் பாருங்க. நான் வித்ததுதேன்.”

“நீ வித்ததுனாலதேன் சொல்றேன்.” சொல்லிவிட்டு அவருக்கே என்னவோ போலாகி, “எடுத்துக்க. பூராத்தையும் எடுத்துக்க. கன்னு அடுத்த வருசம் வெச்சுக்கிறலாம்” என்றார்.

அந்த உப்பை இருதயம் சுத்தம் பண்ணியதை நான் உட்கார்ந்து பார்த்தேன். அண்டாவில் கிணற்றுத் தண்ணீர் ஊற்றி உப்பைக் கரைத்தான். மண் அடியில் தங்குகிறவரை தொடவில்லை. தெளிந்ததை மேலாக மொண்டு, நாலாக மடித்த வேட்டியில் வடித்தான். மறுபடி வடித்தான். முற்றத்தில் கல்லுக்கூட்டி, நான் கொண்டுவந்து போட்ட, பட்டுப்போன திராட்சைக் கொடிக் கட்டைகளை எரித்து, அகலச் சட்டியில் காய்ச்சினான். மேலே ஏடுபோலப் படிகிறபோது அகப்பையால் ஒதுக்கினான். அடியில் உப்புப் பூக்கப் பூக்க வாரி, ஓலைக்கொட்டானில் போட்டுத் தொங்கவிட்டான்.

“அம்புட்டையும் வத்தவிட்றக் கூடாதுண்ணே” என்றான். “கடைசித் தண்ணி கசக்கும். அதக் கொட்டிறணும். உப்பளத்துல அப்பிடித்தேன் செய்வாக.”

எஸ்தர் கம்பளியோடு சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து, அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். தீ வெக்கை அவளுக்கு இதமாக இருந்திருக்க வேண்டும். கொட்டானிலிருந்து ஒரு பொட்டு எடுத்து நாக்கில் வைத்தாள்.

“கசக்குது.”

“இன்னொருக்கா கழுவணும். இரு.”

“நீங்க வித்த உப்புல நான் ஒருத்தியா வளந்தேன்?” என்றாள் அவள், நெருப்பைப் பார்த்துக்கொண்டு. ஒவ்வொரு சொல்லும் மெதுவாகத்தான் வந்தது. “எங்க அம்மா திண்டுச்சு. தங்கச்சி திண்டா. லைனே திண்டுச்சு. ஒங்களுக்கு முன்னாடி வேற ஒரு தாத்தா கொண்டாருவாக. அவுகளும் இதே உப்புத்தேன். என் ஒருத்தியப் பிடிச்சுக்கிட்டு அழுதுக்கிட்டு இருக்கீக.”

“அது தெரியுது. ஆனா...”

“ஆனா என்ன? நீங்க கொண்டாந்த உப்பு எனக்கு நோயக் குடுத்துச்சோ என்னமோ, அந்த டாக்டரம்மாவுக்கே தெரியல. எம்புள்ளைய இன்னொரு மாசம் பிரிச்சது நீங்க போட்ட பாக்கெட்டு உப்பு. அதுக்கு வேணா அழுகுங்க. அதுக்கு அழுதா நானும் கூட அழுகுறேன்.”

இருதயம் அகப்பையைக் கீழே வைத்துவிட்டு, புகை பட்ட முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டான். அவர்கள் ரெண்டு பேரும் அழுதார்கள். எனக்கு அங்கே வேலையில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

அடுத்த மாதம் போனபோது எல்லாம் சரியாக இருந்தது. மருந்து ஒரே ஒரு மாத்திரைதானாம். ஈயப் பெட்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்து, நீளக் குறட்டால் எடுத்துக் கொடுத்துவிட்டு எல்லாரும் வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். கனத்த கதவு. சாப்பாட்டை வாசலில் ஸ்டூலில் வைத்துவிட்டுத் தட்டுவார்கள். அவர்கள் போன பிறகு இவள் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒருநாள் காலையில் வராந்தாவில் எங்கோ ஒரு கைப்பிள்ளை வீறிட்டு அழுதது. எஸ்தர் தன் மாரில் கை வைத்துப் பார்த்தாளாம். ஒன்றும் ஊறவில்லை. “அப்பத்தேங்க்கா எனக்குப் பயம் வந்துச்சு” என்று மொக்கம்மாளிடம் சொன்னாள். “கட்டிய வெட்டுறப்பகூட வரல.”

ஊருக்கு வந்த பிறகு சொல்லியிருந்த வாரங்கள் முடிகிறவரை அவள் வீட்டில் தனியாக இருந்தாள். இருதயம் எங்கள் வீட்டில் படுத்தான். சட்டியை வாசலில் வைத்துவிட்டு அவன் தெருவுக்கு நகர்ந்துகொள்வான். அவள் எடுத்துக்கொண்டு உள்ளே போவாள். இரண்டு பேரும் தெருவின் அகலத்துக்குத் தள்ளி நின்று பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்தால், அப்போதுதான் பார்த்துப் பழகுகிறவர்கள் மாதிரி இருக்கும். தெருவில் சிலர் சுற்றிக்கொண்டு வேறு வழியாகப் போனார்கள். மாத்திரையைத் திரும்பத் தொடங்கியதும் அவள் முகத்து வீக்கம் வடிந்தது. குரல் பழையபடி ஆகத் தொடங்கியது. அந்தக் குரலில் முதலில் கேட்டது, “பாப்பா என்ன பேசுதாம்?” என்பதுதான்.

இருதயம் நேரமாகிவிட்டது என்று தேங்காய் உரிக்கப் போய்விட்டான்.

ஆனி மாதம். கணவாய்க் காற்று தொடங்கியிருந்தது. பிள்ளையைத் தூக்கலாம் என்று சொன்ன பிறகு, தகரப்பெட்டியைத் திறந்து பச்சைச் சேலை கட்டிக்கொண்டு எஸ்தர் டி.வி.எஸ்ஸில் இருதயத்தின் பின்னால் ஏறினாள். மாத்திரைப் பையை வண்டியில் மாட்டிக்கொண்டாள். சாயந்திரம் அவள் மட்டும் பிள்ளையோடு பஸ்ஸில் திரும்புவது என்று பேச்சு. மொக்கம்மாள் இந்தப் பக்கம் தொட்டில் கட்டக் கம்பைத் துடைத்துவைத்தாள். அங்கே நடந்ததை, அவரவர் பார்த்தவரைக்கும், அவர்கள் இருவரும் பிறகு எங்களிடம் தனித்தனியாகச் சொன்னார்கள். ரெண்டும் ஒன்றோடொன்று பொருந்தத்தான் செய்தன.

இருதயத்தின் அக்கா அமுதாவுக்குப் பிள்ளையில்லை. புருசன் பிரான்சிஸ் லோடு லாரியில் போகிறவன். இலவங்காய்க் காலம் என்பதால் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு காயை உடைத்துப் பஞ்செடுத்துக்கொண்டிருந்தாள். கதவைத் திறந்தால் காற்று பஞ்சையெல்லாம் அள்ளிக்கொண்டு போய்விடும். அரைக் கதவு வழியாக இவர்களை உள்ளே இழுத்துவிட்டு உடனே சாத்தினாள்.

வெள்ளை வெள்ளையாகப் பறந்துகொண்டிருந்ததற்கு நடுவில் ஜெனிட்டா நின்றாள். தலையெல்லாம் பஞ்சு. கையில் ஓர் இலவங்காய்த் தொலி. எஸ்தரைப் பார்த்தாள். பிறகு அமுதாவிடம் ஓடினாள். ஓடினாள், நடக்கவில்லை. சேலைக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டு, “ம்மா” என்றாள்.

அமுதாவுக்கு முகம் செத்துப்போனது.

“தெனமும் சொல்லுவேன் எஸ்தரு. ஒன் போட்டாவக் காட்டிச் சொல்லுவேன், இதாண்டி ஒங்க அம்மான்னு. அது வாயில இதேன் வருது. நான் சொல்லிக் குடுக்கல. மாதா சத்தியமா நான் சொல்லிக் குடுக்கல.”

“இருக்கட்டும் மதினி. நீங்க எதுக்கு அழுகுறீக?”

“ஏலே, நீயாவது சொல்லேண்டா” என்று தம்பியைப் பார்த்தாள் அமுதா. இருதயத்துக்கு அங்கே நிற்க முடியவில்லை. டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று வெளியே போய்விட்டான்.

எஸ்தர் பிள்ளையைக் கூப்பிடவில்லை. கையை நீட்டவும் இல்லை. இடுப்பை மெல்ல இறக்கித் தரையில் உட்கார்ந்து, ஒரு காயை எடுத்து உடைத்து, விதையை உதறிப் பஞ்சைப் பிரிக்க ஆரம்பித்தாள். அமுதாவும் உட்கார்ந்தாள். பிள்ளை இரண்டு பேருக்கும் நடுவில் பஞ்சுக் குவியலைச் சுற்றிச் சுற்றி வந்தது.

“டாக்டரு என்ன சொல்றாக?”

“கொஞ்சம் கரிஞ்சிருக்குங்கிறாக. முழுசும் இல்ல. ஆறு மாசம் கழிச்சு இன்னொரு தடவ மருந்து வேணும்னாலும் வேணுமாம்.”

“அப்ப மறுபடியும்...”

“மறுபடியும் பிரிஞ்சு இருக்கணும்.”

அமுதா கை வேலையை நிறுத்தவில்லை. பிள்ளையின் துணிமணி மடித்து வைத்த பை கதவோரம் இருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்க்காமல் பஞ்செடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஜெனிட்டா கிட்டே வந்து, எஸ்தரின் கழுத்துக்குக் குறுக்கே இருந்த வெட்டுத் தழும்பை விரலால் தொட்டாள். இடது கைதான். எஸ்தர் தாடையை உயர்த்திக் கொடுத்தாள். அந்த ஓரத்திலிருந்து இந்த ஓரம்வரை விரல் போனது. போய் முடிந்ததும் பிள்ளை அமுதாவிடம் போய்விட்டது.

மத்தியானம் கம்பஞ்சோறும் கீரைக் குழம்பும் சாப்பிட்டார்கள். வெளியே காற்று ஓட்டைப் பெயர்ப்பதுபோல அடித்தது. பாய் விரித்து, பிள்ளையை நடுவில் போட்டு இரண்டு பேரும் படுத்தார்கள். ஜெனிட்டா அமுதாவின் பக்கம் திரும்பி, அவள் கழுத்துச் செயினைக் கையில் பிடித்துக்கொண்டு தூங்கிப்போனாள். தூக்கத்தில் ஒரு காலை வீசி எஸ்தரின் வயிற்றில் போட்டாள். கனம் அப்படியே கிடந்தது.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று இருதயம் வந்து அரைக் கதவைத் தள்ளினான். கொஞ்சம் காற்று உள்ளே நுழைந்து, பஞ்சு எழும்பி அவர்கள் மூவர் மேலும் இறங்கியது. அமுதா நல்ல தூக்கத்தில் இருந்தாள். எஸ்தர் முழித்துத்தான் கிடந்தாள். மூச்சு விடுவதுகூடத் தெரியவில்லை, வயிறு அசைந்தால் கால் நழுவிவிடும் என்பதுபோல. அவனைப் பார்த்தாள். பிறகு கதவோரம் இருந்த பிள்ளையின் பையைப் பார்த்தாள். தலையை ஒரு தடவை, மிக மெதுவாக, வேண்டாம் என்று அசைத்தாள்.

அவன் புரிந்துகொண்டான். வண்டியில் மாட்டியிருந்த அவளுடைய மாத்திரைப் பையைக் கழற்றிக் கொண்டுவந்து, பிள்ளையின் பைக்குப் பக்கத்தில் வைத்தான். கதவைச் சத்தம் வராமல் சாத்தினான். சத்தம் கேட்டால் பிள்ளை முழித்துக்கொள்ளும் என்று வண்டியை ஸ்டார்ட் பண்ணாமல், எதிர்க்காற்றில், தெருவெல்லாம் தாண்டி மெயின் ரோடு வருகிற வரைக்கும் தள்ளிக்கொண்டே போனான்.